நமிரா பள்ளியின் முன் பாதி

எங்கள் ஃப்ரீமான்ட் வீட்டில், முன் ஹாலின் கார்ப்பெட் முடிந்து சமையலறைப் பக்கத்து டைல்ஸ் தொடங்கும் இடத்தில் குறுக்கே ஓர் உலோகப் பட்டை ஓடுகிறது. வீடு வாங்கிய நாளிலிருந்தே அதில் ஒரு ஸ்க்ரூ எழும்பி நிற்கும். இரண்டு தடவை என் காலைக் கிழித்திருக்கிறது. அதைச் சரிசெய்யச் சொல்லி நான் நச்சரித்ததெல்லாம் என் கணவருக்குச் செவிடன் காதில் ஊதிய சங்குதான். அப்படிப்பட்ட மனிதர், நாங்கள் இருவரும் ஹஜ்ஜுக்குப் போய்வந்ததற்கு அடுத்த மழைக்காலத்தில், ஒரு சனிக்கிழமை ஸ்க்ரூடிரைவரோடு தரையில் உட்கார்ந்து அந்தப் பட்டையைச் சுவர் முதல் சுவர் வரை இறுக்கினார். பிறகு ஈரத்துணியால் துடைத்தார். எனக்கு ஒரே சந்தோஷம். ஹஜ் மனிதரைத் திருத்திவிட்டது என்று ஊருக்கு போன் போட்டு உம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் மற்றது கண்ணில் பட ஆரம்பித்தது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நாட்களில் அவர் முன் ஹால் சோபாவில்தான் லேப்டாப்போடு கிடப்பார். அஸர் தொழுகை முடிந்து பொழுது சாய ஆரம்பித்ததும் எழுந்துவிடுவார். மீட்டிங் நடந்துகொண்டிருந்தாலும் லேப்டாப்பைத் திறந்தபடியே ஏந்திக்கொண்டு பட்டையைத் தாண்டி டைனிங் டேபிளுக்கு வந்து உட்காருவார். சூரியன் இறங்கி மஃரிப் ஆகும்வரை முன் ஹாலுக்குத் திரும்ப மாட்டார். முதலில் டீக்கு வருகிறார் என்று நினைத்தேன். பிறகு மேற்கு வெயில் கண்ணில் அடிக்கிறது போலும் என்று ஜன்னலுக்குத் திரை வாங்கிப் போட்டேன். திரை போட்ட பிறகும் எழுந்து வந்தார்.

எங்கள் மகள் பத்தாம் வகுப்பு. தமிழில் எது கேட்டாலும் இங்கிலீஷில்தான் பதில் வரும். அவள் ஒரு நாள் சமையலறை வாசலில் நின்று குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "உம்மா, ஹி இஸ் டூயிங் இட் அகெய்ன். ஹி மேட் மீ மூவ் டூ." முன் ஹாலில் ஹோம்வொர்க் பண்ணிக்கொண்டிருந்தவளை அவர் கையைப் பிடித்து எழுப்பிக் கூட்டிவந்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்குப் பொழுது இறங்கப்போகிறது என்று மட்டும் சொன்னாராம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் இரண்டு வீட்டாருக்கும் தெரிந்த விஷயம். ஆனாலும் அன்று நான் எதுவும் கேட்கவில்லை. சான்டா கிளாராவில் ஒரு கம்பெனியில் எனக்கு சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. ஒரு பிழையைப் பார்த்தால் உடனே கத்தக் கூடாது, அது மறுபடி எப்போது எப்படி வருகிறது என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது அங்கே படித்த பாடம். அதனால் பார்த்தேன்.  பள்ளிவாசலில் எப்போதும் முதல் வரிசைக்கு முண்டியடிக்கும் மனிதர், இப்போது கடைசி வரிசையில், செருப்பு வைக்கும் அலமாரிக்குப் பக்கத்தில் நின்று தொழுதார். "ஹாஜியார், முன்னாடி வாங்க" என்று யாராவது கூப்பிட்டால் காது கேட்காதவர் போலக் குனிந்துகொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சான் ரமோனிலிருந்து எங்கள் நண்பர் குடும்பம் பிரியாணி சாப்பிட வந்திருந்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து ஆட்கள், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நல்ல சிரித்த முகம். சாப்பிட்டுவிட்டு முன் ஹாலில் அரட்டை ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளானதும் என் கணவர் எழுந்தார். எல்லாரும் உள்பக்கம் வந்துவிடுங்கள் என்றார். நண்பர் சிரித்துக்கொண்டே, இங்கேயே வசதியாகத்தானே இருக்கிறது என்றார். என் கணவர் மறுபடி சொன்னார். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டு அவர்கள் பிளேட்டைக்கூடக் கீழே வைக்காமல் எழுந்து வந்தார்கள். அந்த அம்மா என் காதோரம் வந்து, "என்னங்க, வாஸ்துங்களா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்று சொல்லிவைத்தேன். வேறு என்ன சொல்ல?

 மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து சீக்கிரம் வந்து, வேண்டுமென்றே முன் ஹாலில் சோபாவின் நடுவில் காலை மடக்கி உட்கார்ந்தேன். அவர் பட்டையைத் தாண்டிப் போய் நின்று என்னைக் கூப்பிட்டார். வர மாட்டேன் என்றேன். மகள் அவர் பக்கத்தில் வந்து நின்றாள். நான் அசையவில்லை. வெளிச்சம் கார்ப்பெட்டிலிருந்து சுவருக்கு ஏறி, சுவரிலிருந்து போனது. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் சூரியன் போன அந்த நொடியில் வீடு காலியாகிவிட்டது போல இருந்தது. என்னைச் சுற்றி ஒரு பெருங்கூட்டம் உட்கார்ந்திருந்து, எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்து போய்விட்டதைப் போல. திரும்பிப் பார்த்தேன். அவர்கள் இருவரும் பத்தடி தள்ளித்தான் நின்றார்கள். ஆனால் ஆற்றின் அக்கரையிலிருந்து பார்ப்பவர்கள்போல என்னைப் பார்த்தார்கள். நான் பயந்துவிட்டேன். அப்படிச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

என் கணவர் டைல்ஸ் தரையில் அப்படியே உட்கார்ந்து அழுதார். மகளை மாடிக்கு அனுப்பிவிட்டு நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்போதுதான் சொன்னார்.

ஹஜ்ஜில் எதை விட்டாலும் பரிகாரம் உண்டு, அரஃபாவை விட்டால் ஹஜ்ஜே இல்லை. எங்கள் ஊரில் ஓதுகிற பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். துல்ஹஜ் மாதம் ஒன்பதாம் நாள், மக்காவுக்கு வெளியே இருக்கும் அந்த அரஃபா மைதானத்தில் இருக்க வேண்டும். அவ்வளவுதான். எங்கள் குழுவுக்கு மைதானத்துக்குள்ளேயே டென்ட் இருந்தது. காலையிலேயே பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். இவருக்கு முதல் நாளிலிருந்தே காய்ச்சல். ஆனாலும் மைதானத்தை ஒட்டிய நமிரா பள்ளிவாசலில் போய்க் குத்பா உரை கேட்டுத்தான் தொழுவேன் என்று பிடிவாதம். உடம்பு நெருப்பாய்ச் சுடுகிறது, டென்ட்டிலேயே தொழுங்கள் என்றேன். வாக்குவாதம் ஆகி, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உச்சிப் பொழுதுக்கு வெகு முன்னாலேயே, இன்னும் இரண்டு பேரோடு, குழு கொடுத்த பச்சைக் குடையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்.

பள்ளியில் முட்டி மோதி முன்பக்கம் ஒரு தூணருகே இடம் பிடித்திருக்கிறார்கள். தொழுகை முடிந்ததும் கூட வந்தவர்கள் டென்ட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். இவர் ஏசி காற்றில் தூணில் சாய்ந்தவர், காய்ச்சல் அசதியில் தூங்கிவிட்டார். எழுந்தபோது சூரியன் இறங்கியிருந்தது. கூட்டம் மொத்தமும் நகர்ந்துகொண்டிருந்தது. குழுத் தலைவர் போனில், பஸ் கிளம்பிவிட்டது, நடந்து, இரவு தங்கும் முஸ்தலிஃபாவுக்கு வந்துவிடுங்கள் என்றார். இவர் பக்கத்திலிருந்த வாசல் வழியாக வெளியேறி, கூட்டத்தோடு மேற்கே நடந்து வந்து எங்களோடு சேர்ந்துகொண்டார். அதற்குப் பிறகு எல்லாக் கடமையும் முடித்து, மொட்டை அடித்து, ஜம்ஜம் தண்ணீரோடு ஃப்ரீமான்ட் திரும்பினோம். எல்லாரும் ஹாஜியார் என்றார்கள்.

இங்கே பள்ளிவாசலில் ஒவ்வொரு வருடமும் அடுத்து ஹஜ்ஜுக்குப் போகிறவர்களுக்கு வகுப்பு நடக்கும். போய்வந்தவர் என்ற முறையில் இவரைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். இவர் பேசி முடித்து உட்கார்ந்த பிறகு, இமாம் புரொஜெக்டரில் நமிரா பள்ளியின் வரைபடத்தைப் போட்டார். கட்டடத்தின் குறுக்கே சிவப்பில் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்குப் பின்னால் இருப்பது அரஃபா. முன்னால் இருப்பது அரஃபா இல்லை. எச்சரிக்கைப் பலகைகள் உள்ளேயே மாட்டியிருப்பார்கள், ஆனாலும் கவனியுங்கள் என்று இமாம் சொன்னபோது, இவருக்குத் தான் சாய்ந்திருந்த தூணின் மேலே தொங்கிய பலகை ஞாபகம் வந்திருக்கிறது. பல மொழிகளில் எழுதியிருந்த பலகை. தூங்குவதற்கு முன் அதைப் பார்த்துக்கொண்டேதான் கண்ணை மூடினாராம். படிக்கத் தோன்றவில்லை.

அந்த வகுப்புக்குப் பிறகு அவர் அந்தப் பள்ளியைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருக்கிறார். அழுகைக்கு நடுவிலும் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். நபிகள் நாயகம் தம் கடைசி ஹஜ்ஜில் நமிராவில் கூடாரம் போட்டுத் தங்கினார்கள். உச்சி சாய்ந்ததும் உரனா என்ற பள்ளத்தாக்கில் இறங்கி, ஒட்டகத்தின் மேலிருந்தபடி மக்களுக்கு அந்தப் பேருரையை நிகழ்த்தினார்கள். அங்கேயே தொழுதார்கள். அதற்குப் பிறகுதான் அரஃபா மைதானத்துக்குள் போய்ப் பொழுது இறங்கும்வரை நின்றார்கள். உரை நடந்த பள்ளத்தாக்கு அரஃபா எல்லைக்கு வெளியே. பின்னால் வந்தவர்கள் உரை நடந்த இடத்தில் பள்ளி கட்டினார்கள். கூட்டம் பெருகப் பெருக ஒவ்வொரு காலத்து ஆட்சியாளர்களும் அதைப் பின்பக்கமாக நீட்டிக்கொண்டே வந்தார்கள். கடைசியில் பள்ளியின் பின் பாதி எல்லையைத் தாண்டி மைதானத்துக்குள் போய்விட்டது. ஒரே கூரை, ஒரே கார்ப்பெட், ஆனால் மண் இரண்டு. அவ்வளவு பெரிய பள்ளி, அந்த ஒரு நாளில்தான் நிறைகிறது. மற்ற நாட்களில் அந்தத் தூண்களுக்கு நடுவே அநேகமாக யாரும் இருப்பதில்லை.

எனக்கு அந்த ஆளில்லாத தூண்கள் கண்ணுக்குள் வந்து நின்றன. ஆனால் என் சுபாவம் அப்படி, இரக்கத்துக்கு முன்னால் எரிச்சல்தான் வரும். இதற்காகவா இத்தனை நாள் வீட்டுக்குள் கோடு கிழித்து எங்களை ஆட்டிவைத்தீர்கள் என்று கேட்டேன். பிறகுதான் அந்த நினைப்பு வந்தது. வந்ததும் எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"நீங்கதான் நடுவுல டென்ட்டுக்கு வந்தீங்களே மச்சான். தண்ணி கொடுத்துட்டுப் போனீங்களே."

அவர் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"நானா?"

"வேற யாரு? லுஹருக்குப் பொறவு. வெயில் கொளுத்துச்சே, அப்ப."

"நான் அந்தத் தூணை விட்டு எந்திரிக்கவே இல்ல புள்ள."

சொல்லிவிட்டு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். 

நடந்தது இதுதான். மத்தியான லுஹர் தொழுதுவிட்டுப் பெண்கள் டென்ட்டில் எல்லாரும் கையேந்தி துஆவில் இருந்தோம். நான் வாசல் ஓரமாக, வெளியே தெரிகிற இடத்தில் உட்கார்ந்திருந்தேன். பச்சைக் குடையோடு ஓர் ஆள் வந்து நின்றார். இஹ்ராமின் இரண்டு வெள்ளைத் துணி. அங்கே எல்லா ஆண்களுக்கும் அதுதானே உடை. குடையைத் தாழப் பிடித்திருந்ததால் முகத்தில் நிழல் விழுந்திருந்தது. பேசாமல் ஒரு தண்ணீர் பாட்டிலை நீட்டினார். உறைந்த பாட்டில், கை விறைத்துப்போயிற்று. வாங்கிக்கொண்டேன். இடது தோளைக் கொஞ்சம் தூக்கி நிற்கும் நிற்பு அவருடையதேதான். காலையில் சண்டை போட்டுவிட்டுப் போனவர் சமாதானத்துக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல், "இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் திரும்பிப் போய்விட்டார். துஆ கேட்க வேண்டிய நேரத்தில் நக்கல் பேசினோமே என்று பிறகு வெட்கமாக இருந்தது. தண்ணீர் வாங்கியதைச் சொன்னேனே தவிர, அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நான் சொன்னதைக் கேட்ட பிறகு அவர் முகத்தில் பல வாரங்களாக இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. காய்ச்சலில் எழுந்து நடந்து வந்திருப்பேன், ஞாபகம் இல்லாமல் போயிருக்கும் என்றார். வந்தது அவராக இருந்தால் அவர் மைதானத்துக்குள் வந்திருக்கிறார். ஹஜ் நிறைவேறிவிட்டது. அவர் இல்லை என்றால் ஹஜ் இல்லை. இடையில் வேறெதுவும் கிடையாது. எல்லாம் என் கண் பார்த்ததில் வந்து நின்றது.

அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும், பட்டைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, அவர் அதையே கேட்டார். நான்தானே? முகத்தைப் பார்த்தாயா? மூக்கு, தாடி, கண்ணாடி? நானும் கண்ணை மூடி மூடி அந்த இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். விசித்திரம் என்னவென்றால், பார்க்கப் பார்க்க முகம் அழிந்துகொண்டே வந்தது. முதல் நாள் கண்ணாடியைப் பார்த்த மாதிரி இருந்தது. அடுத்த வாரம் கண்ணாடி இல்லை. பிறகு தாடி இல்லை. கடைசியில் குடைக்குக் கீழே நிழல் மட்டும் மிஞ்சியது. ஆனால் கை மட்டும் நாளுக்கு நாள் தெளிவாகிக்கொண்டே வந்தது. பாட்டிலை நீட்டிய வலது கை. அதன் கட்டைவிரலில் வெள்ளைத் துணி சுற்றிக் கட்டியிருந்தது. துணியில் ஓரிடத்தில் சிவப்பு.

அவர் தூங்கும்போது அந்தக் கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். கட்டைவிரலில் ஒரு கீறல் தழும்புகூட இல்லை. காலையில், ஹஜ்ஜில் கையில் ஏதாவது அடிபட்டதா என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். இல்லையே என்றார்.

டென்ட்டில் என் பக்கத்துப் படுக்கையில் இருந்தவர் டெக்சஸிலிருந்து வந்த ஒரு டாக்டர் ஆன்ட்டி, நம் தமிழ்நாட்டுக்காரர்தான். அவருக்கு போன் செய்தேன். அன்று யாராவது எனக்குத் தண்ணீர் கொடுத்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"ஆள நான் பாக்கல மா. நீ திடீர்னு பாட்டிலோட திரும்பின. எனக்கும் ஒண்ணு வேணும்னு உடனே எட்டிப் பார்த்தேன். அந்தப் பாதை எவ்ளோ நீளம், நேரா போகும்ல? ஒரு ஈ காக்கா இல்ல. வெயில்தான் நின்னுச்சு."



கடைசியில் இருவரும் இமாமிடம் போனோம். அவர் வயதில் எங்களைவிடச் சின்னவர், நிதானமானவர். முழுவதையும் கேட்டுக்கொண்டார். ஒன்பதாம் நாள் உச்சி சாய்ந்ததிலிருந்து மறுநாள் விடிவதற்குள் ஒரு கணம் அந்த மண்ணில் இருந்தால்கூடப் போதும், சும்மா கடந்து போனாலும் போதும், அது அரஃபா என்று தெரியாமல் கடந்தாலும் போதும் என்றார். அன்று காலையில் டென்ட்டில் இருந்தது கணக்கில் வராது. ஆகவே கேள்வி ஒன்றே ஒன்று. இமாம் தலையைத் தாழ்த்தியபடி என்னிடம் இங்கிலீஷில் கேட்டார்: சகோதரி, நீங்கள் பார்த்தது உங்கள் கணவரையா?

என் கணவர் என் பக்கம் திரும்பவில்லை. தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று சொன்னால் அன்றோடு எல்லாம் முடிந்துவிடும். அவர் சோபாவில் நிம்மதியாக உட்காருவார். என் மகளைப் பொழுது இறங்கும் நேரத்தில் யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். ஆனால் அந்தக் கை என் கண் முன்னாலேயே நீட்டிக்கொண்டிருந்தது. வந்தவர் கையில் கட்டுப் போட்டிருந்தார், என் கணவர் கையில் காயமே இல்லை, அதனால் அது இவராக இருக்க முடியாது என்று சொன்னேன். 

 இமாம், அப்படியானால் மற்றக் கடமைகளெல்லாம் உம்ரா என்ற சின்ன யாத்திரையாக நிற்கும், ஹஜ்ஜை மறுபடி செய்ய வேண்டும், ஓர் ஆடு அறுக்க வேண்டும் என்றார். என் கணவர் தலையாட்டினார். திரும்பும் வழியில் மவ்ரி அவென்யூவில் காரை நிறுத்தி, கறிவேப்பிலையும் தோசை மாவும் வாங்கினார். வண்டியில் ஏறிய பிறகு, "நீ சொன்னதுதான் சரி" என்றார். அவரை நானே அந்தப் பள்ளியின் முன் பாதியில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு வந்ததுபோல இருந்தது. வீடு வரும்வரை அழுதேன். பொழுது இறங்குவதற்குள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அவர் ஃப்ரீவேயில் வேகமாக ஓட்டினார்.

அந்த வருடமே யாரோ கேன்சல் பண்ணிய ஓர் இடம் வேறொரு குழுவில் கிடைத்தது. ஒரே ஓர் இடம். மகளுக்குப் பரீட்சை வேறு இருந்தது. அவர் மட்டும் போனார். போகும்போது என்னிடம் எதுவும் சொல்லவில்லை, மகளிடம் மட்டும், சாயங்காலத்தில் உம்மாவை முன் ஹாலில் தனியாக உட்காரவிடாதே என்று சொன்னாராம். அவர் இல்லாத நாட்களில் அந்த வேலையை மகள் ஒழுங்காகச் செய்தாள். நானும் மறுக்காமல் எழுந்து போனேன். கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

அரஃபா நாள் அன்று இங்கே நான் நோன்பு பிடித்திருந்தேன். அங்கே பொழுது சாயும்போது இங்கே காலை. மகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள். நான் ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு முன் ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வீடியோ காலில் வந்தார். பின்னால் மலைப்பக்கம் முழுக்க வெள்ளை வெள்ளையாய் மனிதர்கள். குரல் கட்டிப்போயிருந்தது. இரண்டு நாளாகத் தல்பியா முழக்கம் சொல்லிச் சொல்லித் தொண்டை போய்விட்டது, மத்தியானம் பேச்சே வரவில்லை, இப்போதுதான் கொஞ்சம் வருகிறது என்றார். உச்சி சாய்வதற்கு முன்பிருந்தே மைதானத்துக்குள் இருக்கிறேன், பள்ளிப் பக்கமே போகவில்லை என்று சொல்லும்போது சின்னப் பிள்ளைபோல முகம் மலர்ந்தது. கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினார்.

வலது கட்டைவிரலில் வெள்ளைத் துணி சுற்றியிருந்தது. ஓரிடத்தில் ரத்தம் கசிந்திருந்தது.

"கையில என்ன?"

"ஒண்ணுமில்ல புள்ள. லுஹருக்குப் பொறவு ஒரு பெட்டி தண்ணி கெடச்சிச்சு, எல்லாம் ஐஸா உறஞ்சது. பிரிக்கும்போது பிளாஸ்டிக் நாடா கிழிச்சிருச்சு. அதையே போற வழியில டென்ட் டென்ட்டா கொடுத்துக்கிட்டு வந்தேன்."

நான் மடித்த துணியைக் கீழே வைத்தேன். யாருக்கெல்லாம் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே தூரத்தில் கேட்டது.

"யாருக்குன்னு எப்படித் தெரியும்? கைய நீட்டுனவங்களுக்கெல்லாம். ஒரு டென்ட் வாசல்ல மட்டும் ஒருத்தி தமிழ்ல பேசினா. யாரோ நம்ம ஊர்க்காரி போல. பாட்டில வாங்கிக்கிட்டு, 'இப்பத்தான் வழி தெரிஞ்சிச்சா'ன்னு கேட்டா. உன்ன மாதிரியே நக்கல். எனக்குப் பதில் சொல்லத் தொண்ட வரல."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் முகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை, வெயிலுக்குப் போன தடவைப் பச்சைக் குடையைத் தாழப் பிடித்திருந்தேன், எல்லாரும் போல உடுத்தியிருந்தாள் என்றார். ஏன் கேட்கிறாய் என்றார்.  சும்மாதான் என்றேன்.

பிறகு அவர் என்னைப் பார்ப்பதை விட்டுவிட்டு மேற்கே பார்த்தார். இன்னும் இரண்டு நிமிடம்தான் என்றார். அப்போதுதான் நான் எங்கே நிற்கிறேன் என்பதைக் கவனித்தேன். காலுக்குக் கீழே முன் ஹாலின் கார்ப்பெட். வெளியே காலை வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ நாயைக் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் போனை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு வேகமாக நடந்து, அந்த உலோகப் பட்டையைத் தாண்டி, டைல்ஸில் போய் நின்றேன். மூச்சு வாங்கியது.

"சூரியன் இறங்கிருச்சு புள்ள" என்றார். அழுதுகொண்டிருந்தார். "நான் உள்ளதான் இருக்கேன்."

"நானும்தான் மச்சான்" என்றேன்.